அடுப்பு அணையும், சுவர் அணைக்கும்!

('பனிமலையில் காவல் நிற்கும் வீரனைப் பெரிதும் காப்பது எரிகிற அடுப்பே! எழுப்புகிற சுவரே!' என்ற தலைப்பில் நடந்த பட்டிமன்றத்தில், 'சுவரே' என்ற அணியில் பேசியது.)

     

எனக்கு முன்னால் வழக்கறிஞர் தம்பி பத்து நிமிடம் பேசினார். பத்து நிமிடமும் அடுப்பின் பெருமையையே பேசினார். நான் முன்வரிசையில் இருக்கிற அவர் வீட்டம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 'இந்த மனுஷனுக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாதே'ன்னு அவங்க முகத்திலே எழுதி ஒட்டியிருந்தது! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, வாசலில் நுழையும்போதே ஒரு பெரியவர் என்னை நிறுத்திக் கேட்டார். 'ஏன் சார், வெயில் ஊரிலே உட்கார்ந்துகிட்டு பனிமலையைப் பத்திப் பட்டிமன்றமா?' நியாயமான கேள்விதான். நமக்குக் குளிர் என்றால் என்ன? மார்கழியில் விடியற்காலை இரண்டு நாள் மஃப்ளர் கட்டுவோம். ஊட்டிக்குப் போனால் ஸ்வெட்டர் வாங்குவோம். திரும்பி வந்ததும் பெட்டிக்குள் வைத்துப் பூச்சி உருண்டை போடுவோம். அதோடு குளிர் முடிந்தது. (சிரிப்பு)

ஆனால் 2016 பிப்ரவரி 3-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். சியாச்சின் பனிமலை. சோனம் என்கிற காவல்நிலை. 19,600 அடி உயரம். பனிப்பாறை சரிந்து விழுந்து பத்து வீரர்கள் புதைந்துபோனார்கள். எந்தப் படை? மெட்ராஸ் ரெஜிமென்டின் 19-ஆவது பட்டாலியன். நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அந்தப் பத்துப் பேரில் இருந்தார்கள். ஆறாம் நாள் தோண்டி எடுத்தபோது, கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஒருவர் மட்டும் உயிரோடு இருந்தார். நாடே கைகூப்பி வேண்டிக்கொண்டது. பிப்ரவரி 11-ஆம் தேதி அவரும் போய்விட்டார். அந்தச் சரிவை எந்த அடுப்பும் தடுத்திருக்காது. எந்தச் சுவரும் தடுத்திருக்காது. அதை வைத்து நான் வாதாட வரவில்லை. இது ஏதோ வடக்கத்திக்காரர் தலைப்பு அல்ல, நம் வீட்டுத் தலைப்பு என்று சொல்வதற்காகத்தான் சொன்னேன். (கைதட்டல்)

சியாச்சின் என்றால் என்ன? ஏறத்தாழ 76 கிலோமீட்டர் நீளமுள்ள பனியாறு. 1984 ஏப்ரல் 13-ஆம் தேதி நம் ராணுவம் அங்கே ஏறி நின்றது. அந்த நடவடிக்கைக்கு 'மேகதூத்' என்று பெயர் வைத்தார்கள். காளிதாசனின் மேகம் காதலிக்குச் சேதி கொண்டுபோனது. இந்த மேகதூதத்திலோ வீட்டுக்காரிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றால் பேனாவிலே மை உறைந்துபோகும்! குளிர்காலத்தில் மைனஸ் 50 டிகிரி வரை போகிற இடம்.

2003 நவம்பரில் சண்டை நிறுத்தம் வந்தது. துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஆனால், நடுவர் அவர்களே, குளிர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை! சியாச்சினில் எதிரியின் குண்டுக்குப் பலியானவர்களைவிட இயற்கைக்குப் பலியானவர்களே அதிகம். ஆகவே அங்கே வீரன் கையில் இருக்கிற துப்பாக்கி எவ்வளவு முக்கியமோ, அவன் படுக்கிற இடம் அவ்வளவு முக்கியம்.

இப்போது அடுப்புக்கு வருகிறேன். அந்த மண்ணெண்ணெய் அடுப்புக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? புகாரி! நம் சென்னைக்காரர்களுக்குப் புகாரி என்றால் பிரியாணி நினைவுக்கு வரும். தமிழாசிரியர்களுக்குக் காவிரிப்பூம்பட்டினம் நினைவுக்கு வரும். அந்த வீரனுக்கு மட்டும் புகை நினைவுக்கு வரும். (சிரிப்பு) ஒரு இரும்பு உருளை. அதில் மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்து எரியும். மேலே ஒரு புகைக்குழாய் கூடாரத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். அவ்வளவுதான் கருவி.

எரிவதற்கு எண்ணெய் மட்டும் போதுமா? காற்று வேண்டாமா? 18,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். நமக்கு மூச்சு வாங்குகிற மாதிரி அடுப்புக்கும் மூச்சு வாங்கும். சரியாக எரியாது. சரியாக எரியாத எண்ணெய் கரியாகும்; அதோடு கார்பன் மோனாக்சைடு என்கிற நச்சுக்காற்றாகவும் ஆகும். அதற்கு நிறம் கிடையாது. வாசனை கிடையாது. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்துபோகிற பொருளை, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு போய்ப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவன் விழிப்பதற்குள் கதை முடிந்துவிடும். திருடன் வந்தால் நாய் குரைக்கும். இந்தத் திருடன் வந்தால் நாயும் சேர்ந்து தூங்கிவிடும்!

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் ராணுவத்தில் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றார். அவரிடம் கேட்டேன், 'எப்படியப்பா இருந்தது அங்கே?' என்று. அவர் வீரதீரம் எதுவும் பேசவில்லை. 'காலையிலே எழுந்து துப்புனா கறுப்பா வரும் ஐயா. மூக்கைச் சிந்துனா கரி. லீவுலே வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆனாலும் தலையணையிலே மண்ணெண்ணெய் நாத்தம் அடிக்குதுன்னு அம்மா சொல்லும்'னு சொன்னார். நடுவர் அவர்களே, நாம் புகை பிடிக்காதே என்று விளம்பரம் செய்கிறோம். அங்கே புகையே பிடிக்காத பிள்ளையின் நெஞ்சுக்குள் நாமே புகையை அனுப்பிவைக்கிறோம். இதையா எதிரணி நண்பர்கள் காவல் தெய்வம் என்கிறார்கள்?

அடுத்து, அந்த மண்ணெண்ணெய் அங்கே எப்படிப் போகிறது? ரேஷன் கடை வரிசையில் நின்று வாங்கிய தலைமுறை நாம். ஐந்து லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு தெருமுனையிலிருந்து வருவதற்குள் 'கை வலிக்குது'ன்னு மூன்று இடத்தில் வைத்தோம். அங்கே மலைப்பாதையில் லாரி, அதற்குமேல் ஹெலிகாப்டர், அதற்கும்மேல் மனிதன் முதுகு. மெல்லிய காற்றில் ஹெலிகாப்டர் இறக்கைக்குப் பிடிமானம் குறைவு. கொஞ்சமே சுமக்க முடியும். தன் எரிபொருளையும் எரித்துக்கொண்டுதான் அந்த எரிபொருளைக் கொண்டுபோகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அது இதுதான். பணம் போனால் போகட்டும். அந்த ஹெலிகாப்டரை ஓட்டுகிறவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே? கேனை முதுகில் கட்டிக்கொண்டு பனிவெடிப்புகளைத் தாண்டுகிறவனுக்கும் வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாளே?

இந்தக் கணக்கை வேறொரு நாடு போட்டுப் பார்த்திருக்கிறது. ஆப்கானிஸ்தானில் அமெரிக்க ராணுவம் இருந்த காலத்தில், முகாம்களுக்கு எரிபொருளை லாரி லாரியாகக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் கண்ணிவெடி. 2007-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து அவர்கள் ராணுவமே ஒரு ஆய்வு செய்து 2009-இல் வெளியிட்டது. எரிபொருள் கொண்டுபோன வண்டித்தொடர்களில், சுமார் 24 தொடருக்கு ஒருவர் என்ற கணக்கில் உயிரிழந்தோ காயம்பட்டோ போயிருக்கிறார்கள். எண்ணெய்க்கு லிட்டர் என்ன விலை என்று நாம் கேட்கிறோம். எத்தனை லிட்டருக்கு ஒரு உயிர் விலை என்று அவர்கள் கணக்குப் போட வேண்டியதாயிற்று. (அமைதி)

அங்கே பகைவனுடைய வெடி. நம் மலையில் பனிவெடிப்பு. வேறுபாடு அவ்வளவுதான். எரிக்காமல் விட்ட ஒவ்வொரு லிட்டரும் ஒருவனுடைய பயணத்தைக் குறைக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், சுவர் உள்ளே இருக்கிறவனை மட்டும் காப்பாற்றவில்லை. வழியில் வருகிறவனையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது. (கைதட்டல்)

'சுவர் எப்படிங்க சூடு தரும்?' என்று எதிரணித் தலைவர் கிண்டலாகக் கேட்டார். அவர் பேராசிரியர். அவருக்குத் தெரியாதது இல்லை. தெரியாத மாதிரி கேட்பதில் அவருக்கு இணை யாரும் இல்லை! (சிரிப்பு) ஐயா, நீங்கள் இரவில் கம்பளி போர்த்திக்கொள்கிறீர்களே, கம்பளிக்கு மின்சார இணைப்புக் கொடுத்திருக்கிறீர்களா? அது சூடு தருவதில்லை. உங்கள் உடம்புச் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கிறது. காலையில் சுட்ட இட்லியை ஹாட்பேக்கில் வைத்தால் பத்து மணிக்கும் சுடுகிறதே, அதற்குள்ளே அடுப்பா எரிகிறது?

இன்னொரு கணக்கு சொல்கிறேன். தாய்மார்கள் கவனிக்க வேண்டும். ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருந்தாலே அவன் உடம்பிலிருந்து சுமார் 100 வாட் சூடு வெளியே வருகிறது. தூங்கும்போது கொஞ்சம் குறையும். உங்கள் வீட்டுக்காரர் வேலைவெட்டி இல்லாமல் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார் என்று வையாதீர்கள். அவர் ஒரு பழைய காலத்துக் குண்டு பல்பு அளவுக்குச் சூடு தந்துகொண்டிருக்கிறார்! (பலத்த சிரிப்பு) அப்படியானால் ஒரு கூடாரத்தில் பத்து வீரர்கள் படுத்தால்? ஏறத்தாழ ஒரு கிலோவாட் ஹீட்டர். பத்து மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட பத்து யூனிட். ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் இருக்கிற சூடு எவ்வளவு? அதுவும் சுமார் பத்து யூனிட்தான். ஆக, அந்தப் பத்துப் பிள்ளைகள் ஓர் இரவில் தங்கள் உடம்பாலேயே ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சமமான சூட்டைத் தருகிறார்கள். மெல்லிய துணிக் கூடாரம் அதை என்ன செய்கிறது? வாரி வெளியே கொட்டுகிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் புத்தியுள்ளவன் ஓட்டையை அடைப்பான். எதிரணிக்காரர் 'இன்னொரு வாளி ஊத்து, இன்னொரு வாளி ஊத்து' என்கிறார்! (கைதட்டல்)

அந்த ஓட்டையை எதால் அடைப்பது? உங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் தட்டிப் பாருங்கள். அதன் சுவருக்குள்ளே கெட்டியான நுரை இருக்கிறது. வெளிச்சூடு உள்ளே வராமல் தடுப்பது அந்த நுரைதான். அதே நுரையைப் பலகையாக்கிக் குடிசையாக நிறுத்தினால் உட்சூடு வெளியே போகாது. ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்டால் பனிமலைக் குடிசை!

'பனியாற்றின்மேல் செங்கல் எங்கே, சிமெண்ட் எங்கே? பனி நகர்ந்துகொண்டே இருக்குமே, சுவர் நிற்குமா?' என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அஸ்திவாரம் போட்ட சுவர் நிற்காதுதான். ஆனால் கழற்றி மாட்டுகிற சுவர் நிற்கும். அதுவும் இல்லையென்றால், வடதுருவத்துக்குப் பக்கத்தில் வாழ்கிற இன்யூட் மக்களைக் கேளுங்கள். பனியையே வெட்டி அடுக்கி 'இக்ளூ' கட்டினார்கள். இறுகிய பனிக்குள் கோடிக்கணக்கான காற்றுக்குமிழிகள். அது சூட்டைக் கடத்தாது. வாசலைத் தாழ்வாக வைத்தார்கள். படுக்கிற மேடையை உயர்த்தி வைத்தார்கள். கனமான குளிர்காற்று கீழே தங்கும். சூடு மேலே நிற்கும். வெளியே மைனஸ் 40 என்றாலும் உள்ளே பூச்சியத்தை ஒட்டி இருக்கும். ஒரு சின்ன எண்ணெய் விளக்கு, நாலு மனித உடம்பு, ஒரு நல்ல சுவர். எதிரியான பனியையே காவல்காரனாக வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். இதைவிடவா கெட்டிக்காரத்தனம் வேண்டும்?

சரி, துருவத்துக்குப் போவானேன்? நம் லடாக்குக்கே வாருங்கள். லே நகரம் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. குளிர் உண்டு, ஆனால் ஆண்டில் 300 நாளுக்குமேல் வெயிலும் உண்டு. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து வருவான். அந்தத் தெற்குப் பக்கம் கண்ணாடி வைத்து, அதற்குப் பின்னால் கனத்த சுவருக்குக் கறுப்புப் பூசினால், பகலெல்லாம் சுவர் வெயிலைக் குடிக்கும். இரவெல்லாம் அந்தச் சூட்டை அறைக்குள் விடும். பிரெஞ்சுப் பொறியாளர் ஃபெலிக்ஸ் ட்ராம்ப் பெயரால் இதை ட்ராம்ப் சுவர் என்கிறார்கள். லே பக்கத்தில் ஃபே என்கிற கிராமத்தில் செக்மோல் என்கிற அமைப்பின் பள்ளி வளாகம். மண்ணை இடித்து இறுக்கிய சுவர். தெற்கே பார்த்த கட்டடம். வெளியே தண்ணீர் கல்லாக உறைந்து கிடக்கும்போது, உள்ளே பிள்ளைகள் அடுப்பில்லாமல் படிக்கிறார்கள்.

அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான பொறியாளர் சோனம் வாங்சுக், 2021 பிப்ரவரியில் வீரர்களுக்கென்றே ஒரு சூரியக் கூடாரத்தைச் செய்து காட்டினார். முந்தைய ஆண்டு ஜூனில் கல்வான் மோதல் நடந்திருந்தது. பல்லாயிரம் வீரர்கள் அந்தக் குளிர்காலத்தைக் கிழக்கு லடாக்கிலேயே கழிக்க வேண்டியிருந்தது. அப்போது வந்த கூடாரம் அது. தெற்குப் பக்கம் வெயில் வாங்குகிற அறை. வடக்குப் பக்கம் பல அடுக்குத் தடுப்புப் போட்ட படுக்கை அறை. நடுவில் சூட்டைப் பிடித்துவைக்கிற ஒரு தடுப்பு. பத்து வீரர்கள் தங்கலாம். எந்தப் பாகமும் 30 கிலோவுக்குமேல் கிடையாது. ஆளே தூக்கிக்கொண்டு போகலாம். இரவு பத்து மணிக்கு உள்ளே 15 டிகிரி. முந்தைய இரவு வெளியே மைனஸ் 14. உள்ளே ஒரு சொட்டு மண்ணெண்ணெய் எரியவில்லை. நடுவர் அவர்களே, 15 டிகிரி என்றால் நம் ஊட்டி! அந்தப் பனிக்காட்டில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு ஊட்டியைக் கட்டிக் கொடுத்தது அடுப்பா, சுவரா? (நீண்ட கைதட்டல்)

'வெயில் வராத நாளில் என்ன செய்வீர்கள்? பனிப்புயல் நாலு நாள் அடித்தால்?' என்று கேட்பார்கள். கேட்டார்கள். வெயிலைச் சேமிக்கிற சுவர் அப்போது சோர்ந்துதான் போகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சூட்டைப் போகவிடாமல் தடுக்கிற சுவருக்கு வெயிலும் வேண்டாம், நிலவும் வேண்டாம். இருட்டிலும் அது தன் வேலையைச் செய்யும். அடுப்பே வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. 20,000 அடியில் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால்கூடப் பனியை உருக்கத்தான் வேண்டும். சோறு பொங்க வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் 80 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. அடுப்பு இருக்கட்டும். ஆனால் தலைப்பில் 'பெரிதும்' என்று ஒரு சொல் இருக்கிறது. பெரிதும் காப்பது எது? நல்ல சுவருக்குள்ளே சின்ன அடுப்பு போதும். சுவர் இல்லாத இடத்தில் எத்தனை பெரிய அடுப்பும் போதாது.

எதிரணி வீசிய பெரிய அஸ்திரத்துக்கு வருகிறேன். டிஆர்டிஓவின் டெல்லி ஆய்வகம் 'ஹிம் தாபக்' என்று புதிய அடுப்பு செய்திருக்கிறது, 2021-இல் ராணுவம் 420 கோடி ரூபாய்க்கு அதை வாங்க ஆணை கொடுத்தது என்றார்கள். உண்மை. நல்ல கருவி, செய்தவர்களை வணங்குகிறேன். ஆனால் அதன் பெருமை என்ன? பழைய அடுப்பைவிட மிகக் குறைவாக எண்ணெய் குடிக்கும். நச்சுக்காற்றால் உயிர் போகாது. அதாவது என்ன? அடுப்பு எவ்வளவு குறைவாக எரிகிறதோ அவ்வளவு நல்ல அடுப்பு! 'எங்க மாப்பிள்ளை ரொம்பத் தங்கமானவர், வீட்டுப் பக்கமே வர்றதில்லை' என்கிற கதையாக இருக்கிறது! (பலத்த சிரிப்பு) 2024-இல் சுஷுலில் ராணுவத்துக்காக வெயிலையும் ஹைட்ரஜனையும் கொண்டு 200 கிலோவாட் மின்சாரம் தருகிற நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். எதற்காக? டீசல் ஜெனரேட்டரை நிறுத்துவதற்காக. எல்லாரும் எரிப்பதைக் குறைக்கத்தான் பாடுபடுகிறார்கள். எரிப்பதைப் பாராட்ட எதிரணி மட்டும்தான் மிச்சம்.

'சுவரை இறுக்கி அடைத்தால் மூச்சு முட்டாதா?' என்று தங்கை கேட்டார். முட்டும். அடைத்த அறைக்குள் புகாரியை மூட்டினால் மூச்சே நின்றுபோகும். அதனால்தான் நல்ல குடிசையில் காற்று வரவும் போகவும் அளவாக வழி வைப்பார்கள். அடுப்புக்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்தே குழாயில் கொண்டுவந்து, புகையை வெளியிலேயே தள்ளுவார்கள். சுவரைக் கட்டுகிறவனுக்குச் சன்னல் வைக்கவும் தெரியும், தங்கச்சி!

இன்னொன்று. நாட்டின் எல்லை பனிமலையோடு முடிந்துவிடுகிறதா? ஜெய்சல்மேர் பாலைவனத்திலும் நம் பிள்ளைகள் நிற்கிறார்கள். கோடையில் அங்கே 50 டிகிரியைத் தொடுகிறது. அங்கே போய் எதிரணித் தலைவர் தன் புகாரியை நீட்டினால் என்ன ஆகும்? வீரன் பாகிஸ்தான் பக்கம் பார்த்த துப்பாக்கியை இவர் பக்கம் திருப்புவான்! (சிரிப்பு) ஆனால் எங்கள் சுவர் அங்கேயும் வேலை செய்யும். இராக் பாலைவனத்தில் அமெரிக்கர்கள் என்ன செய்தார்கள்? ஏசி போட்டும் கூடாரம் குளிரவில்லை. குளிர்ந்த காற்று துணி வழியே ஓடிப்போனது. கடைசியில் கூடாரத்தின் மேலேயே நுரையைத் தெளித்துக் கெட்டியாக்கினார்கள். ஏசிக்கு ஆகிற எரிபொருள் வெகுவாகக் குறைந்தது. அடுப்புக்கு ஒரு வேலைதான் தெரியும். சுவருக்கு இரண்டும் தெரியும். குளிரில் சூட்டைக் காக்கும். வெயிலில் குளிர்ச்சியைக் காக்கும்.

(நடுவர் மணி அடிக்கிறார்.)

முடித்துவிடுகிறேன் ஐயா. தமிழ் படித்தவன், இலக்கியம் சொல்லாமல் இறங்கினால் வீட்டில் சோறு கிடைக்காது. (சிரிப்பு)

தமிழாசிரியைத் தங்கை நக்கீரரின் நெடுநல்வாடையைத் துணைக்கு அழைத்தார். வாடைக்காலத்தில் மதுரை மாநகரத்தார் 'தடவு' என்கிற அகன்ற வாயுடைய கணப்புச் சட்டியில் நெருப்பு வளர்த்துக் குளிர் காய்ந்தார்கள் என்று அழகாகச் சொன்னார். உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய அடிகளை ஏன் விட்டுவிட்டார்? அங்கே நக்கீரர் வேறொன்றைச் சொல்கிறார். வேனிலில் தென்றல் வருவதற்கென்று மாளிகையின் மேல்மாடத்தில் வைத்த சன்னல்களின் கதவுகளை இறுகச் சாத்தித் தாழிட்டிருக்கிறார்கள் என்கிறார். அதைச் சொல்லிவிட்டு, பிறகுதான் கணப்புச் சட்டிக்கு வருகிறார். முதலில் சன்னலை அடை. அப்புறம் நெருப்பை மூட்டு. நக்கீரர் எங்கள் கட்சி, நடுவர் அவர்களே! நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் கட்சி மாறாதவர் அவர்! (நீண்ட கைதட்டல்)

அந்த நூல் எங்கே போய் முடிகிறது? பாசறையில் முடிகிறது. நள்ளிரவு. வாடைக்காற்று. தூறல் விழுகிறது. மன்னன் தூங்கவில்லை. சிலரை மட்டும் உடன் அழைத்துக்கொண்டு, புண்பட்ட வீரர்களைப் பாசறையில் நேரில் போய்ப் பார்த்து வருகிறான். போர் வென்றதை மட்டும் பாடியிருந்தால் அவனை நாம் மறந்திருப்போம். தன் வீரன் இந்த இரவை எப்படிக் கழிக்கிறான் என்று பார்க்கப் புறப்பட்டானே, அதனால்தான் அவன் நினைவில் நிற்கிறான்.

இன்றைக்கு அந்த மன்னனின் இடத்தில் நாம் இருக்கிறோம். வரி கட்டுகிற நாம், வாக்குப் போடுகிற நாம். 'எத்தனை லிட்டர் அனுப்பினோம்' என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போனால் போதாது. 'அவன் படுக்கிற இடத்தில் காற்று நுழைகிறதா? அவன் மூச்சில் கரி இருக்கிறதா? அந்த லிட்டரைச் சுமந்தவன் பத்திரமாக இறங்கினானா?' என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்கிற நாட்டில் முதலில் சுவர் எழும்பும்.

அடுப்பு எண்ணெய் இருக்கிறவரை எரியும், தீர்ந்தால் அணைந்துபோகும். சுவரோ எதையும் கேட்காது. இரவெல்லாம் விழித்திருந்து, பெற்ற தாய் பிள்ளையை அணைத்துக்கொள்கிற மாதிரி அந்தப் பிள்ளைகளை அணைத்துக்கொள்ளும். அடுப்பு அணையும்; சுவர் அணைக்கும்! அணைந்துபோவதற்கா, அணைத்துக்கொள்வதற்கா, எதற்குத் தீர்ப்பு என்று நடுவர் அவர்களே நீங்களே முடிவு செய்யுங்கள்!

(பலத்த கைதட்டல்)